கிணற்றடிப் பன்னம்

குருக்கள்மடத்தில் எங்கள் வளவில் எனக்குப் பிடித்த செடி வேலியோரத்துச் செவ்வரத்தை. காலையில் சிவக்க மலர்ந்து மாலையில் சுருண்டுவிடும். மறுநாள் வேறு பூ வைத்திருக்கும். கிணற்றடிச் சட்டியில் நின்ற பன்னத்துக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. பெரணிச் செடிதானே, வெறும் இலை. சின்னம்மா கல்யாணம் முடித்து வந்தபோது, பனிச்சங்கேணியில் தன் தாய் வீட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது அது.

வாவி ஒதுங்கிக் கரைச் சேறு வெடித்துக் கிடந்த ஒரு கோடையில் சித்தப்பா வருத்தம் வந்து நோயில் விழுந்தார். அவருடன் ஆஸ்பத்திரியில் நிற்கப் புறப்பட்ட சின்னம்மா என்னைக் கூப்பிட்டார்.

“மனே, நான் வாறமட்டும் ரெண்டுக்கும் ஒவ்வொரு செம்பு ஊத்து. பன்னத்த மறந்திராத. அது வாய்விட்டுக் கேக்காது.”

இரண்டு செம்பையும் செவ்வரத்தைக்கே ஊற்றினேன். அது பூத்துக் காட்டியது. பன்னத்தின் இலையைப் புரட்டினால் அடியில் வரிசையாகக் கபில நிறப் பொட்டுகள். தொட்டால் தூள் ஒட்டியது. நோய் பிடித்த செடிக்கு எதற்குத் தண்ணீர் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சின்னம்மா திரும்பி வந்தபோது பன்னம் சருகாகிக் கிடந்தது.

“அதுக்கு வருத்தம் வந்திட்டு, சின்னம்மா. நான் ஒவ்வொரு நாளும் ஊத்தினன்.”

அவர் சட்டி மண்ணை விரலால் கிளறினார். பிறகு ஒரு சருகை எடுத்துப் புரட்டிக் காட்டினார்.

“இது வருத்தமில்ல மனே. செவ்வரத்த பூத்துச் செய்யிற வேலைய இது இலைக்கடியில வெச்சுச் செய்யிது.”

சருகுகளையெல்லாம் கிணற்றுக் கட்டில் தட்டி உதறிவிட்டு, சித்தப்பாவுக்குக் கஞ்சி வைக்கப் போய்விட்டார்.

மாரி கழிந்தபோது கட்டின் வெடிப்புகளிலெல்லாம் நகமளவு பன்னங்கள். நான் வியந்துபோனேன். தடி வெட்டி நட்டாலன்றி எங்கள் செவ்வரத்தை ஒன்று இரண்டானதில்லை. இதுவோ பூவில்லாமல், வண்டில்லாமல், நான் சாகவிட்ட இலையின் தூளிலிருந்து கூட்டமாக வந்து நின்றது.

“எல்லாம் இவன் ஊத்தின தண்ணிதான்” என்றார் சின்னம்மா, அம்மாவின் காதில் விழும்படி. அம்மா என் தலையைத் தடவினார். தப்பிவிட்ட பெருமையில் அன்று பன்னங்களுக்கு ஒரு செம்பு கூடுதலாகவே ஊற்றினேன்.

இந்தப் பொய்யை இன்றுதான் எழுதுகிறேன். கேட்கச் சின்னம்மா இல்லை. தண்ணீர் கண்ட மண்ணும் காணாத மண்ணும் விரலுக்குத் தெரியும் என்பது அன்று எனக்குத் தெரியாது.