பொழுதுபட்டபின் தவறிய இடம்

என் தங்கையின் கணவனும் நானும் இறக்கக்கண்டியிலிருந்து ஒரே படகில் தொழிலுக்குப் போய்வந்தோம். ஒரு நாள் பொழுதுபட்டுச் சிறிது நேரத்தில் பின்னால் ‘தொபீர்’ என்று சத்தம் கேட்டது. திரும்பினால் அவனைக் காணவில்லை. கையில் அகப்பட்ட வெறும் மண்ணெண்ணெய்க் கானை, அவன் பிடித்து மிதக்கட்டும் என்று, தூக்கிக் கடலில் வீசினேன். இடத்தைக் குறித்துவைக்க ஜி.பி.எஸ். பெட்டியின் பொத்தானை அழுத்தினேன்.

படகைத் திருப்புவதற்குள் அலை எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பெட்டி காட்டிய இடத்துக்கு ஓட்டினேன். பாதி வழியில், வேறு பக்கமிருந்து ஒரு கூப்பாடு கேட்டதுபோல் இருந்தது. டோர்ச்சை அந்தப் பக்கம் அடித்தேன். தண்ணீர்தான் தெரிந்தது. பெட்டியை நம்பிப் போனேன். விடியும்வரை அங்கேயே சுற்றினேன்.

காலையில் மூதூர்க்காரர் ஒருவரின் படகு அவனைக் கண்டெடுத்தது. கானைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அவன் கேட்டான்: “கத்தினனான் மச்சான். கேக்கேல்லையோ?”

“இல்லை,” என்றேன்.

பெட்டியை நகரத்தில், துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்.

“இதில பிழை ஒண்டும் இல்லை அண்ணை. பொழுதுபட்டாப் பிறகு சில நாளில மேல வானத்தில மின்னேறின காத்துப் படலம் குழம்பும். செய்மதியில இருந்து வாற சிக்னல் அதுக்குள்ளால வரேக்க நட்சத்திரம் மாதிரி மினுங்கி அறுந்துபோகும். எங்கட பக்கத்தில அது கூடுதல்.”

“அப்ப நான் குறிச்ச இடம்?”

“சிக்னல் அறுந்திருந்தா, அதுக்கு முந்திப் பிடிச்ச இடத்தைத்தான் பதிஞ்சிருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தேக்க அதைத் தாண்டி வந்திட்டீங்கள்.”

வானத்தை அண்ணாந்து பார்த்தேன். வெறும் நீலம். அதில் என்ன குழம்பும் என்று எனக்கு விளங்கவில்லை.

அவன் பிறகு கடலுக்கு வரவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலைப் பார்த்தபடியே கதிரையைப் போட்டு இருப்பான். நாங்கள் அந்த நாளைப் பற்றிக் கதைத்ததில்லை. ஆனால் அவன் சும்மா இருக்கும்போதுகூட, என்னைக் கூப்பிடுவதாக நினைத்துப் பலமுறை திரும்பியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவனும் தங்கையும் வந்திருந்தபோது எனக்குத் தாங்க ஏலாமல் போனது. “நீ கத்தினது எனக்குக் கேட்டது,” என்றேன்.

அவன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

“ஓம், தெரியும். உங்கட வெளிச்சம் ஒருக்கா என்ர பக்கம் திரும்பினது.”

தேத்தண்ணியை எடுத்துக் குடித்து முடித்தான். மழை விட்டதும் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனான். அடுத்த கிழமையும் வந்தான்.