செல்லம்மா குடிக்காத தண்ணீர்

தோட்டத்தில் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டவன் எல்லாம் டொக்டரய்யாதான். நான் வெறும் வைத்திய உதவியாளர். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்து அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் செல்லம்மாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. பெருவிரல்

செல்லம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்கு, அதாவது அன்றாடக் கூலிக்கு, கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். ஒரு காலை புருஷன் மாணிக்கத்தின் தோளைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்தார். வலது காலின் பெருவிரல் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"தொட்டுராதீங்கய்யா, உசுரே போவுது."

"நேத்து பக்கத்துக் காம்பராக்காரிகூட சண்டை போடுறப்ப நல்லாத்தாங்க நின்னா" என்றார் மாணிக்கம்.

"நீ வாய மூடு."

இரத்தத்தைச் சோதித்தால் யூரிக் அசிட் எக்கச்சக்கம். பிரஷரும் கூட. பதுளை கிளினிக்கில் இரண்டுக்கும் குளிசை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். நானும் என் பங்குக்கு விளக்கினேன். வயதானவர்களுக்கு யூரிக் அசிட் கூடினால் விரல் வலியோடு போகாது, பாரிசவாதம், அதாவது பக்கவாதம், வரும் ஆபத்தும் கூடுதலாக இருக்கிறது. யூரிக்தான் அதற்குக் காரணமா, இல்லை பிரஷரோடு கூடவே வருகிற அடையாளமா என்பது இன்னும் தீராத விவாதம். எப்படியானாலும் பிரஷர் குளிசையை விடவே கூடாது என்றேன்.

"சரிங்கய்யா" என்றார். இவ்வளவு பணிவாகச் சொல்கிறாரே என்று நானும் நம்பினேன்.

விரல் ஆறியது. அதன்பின் தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்க யூரிக் பேச்சுத்தான். யாராவது கால் தடுக்கி விழுந்தால்கூட, "என்னா, யூரிக்கா?" என்று கேட்டார்கள். பாதிப் பேர் பயத்தில் பருப்பைக் கைவிட்டார்கள்.

2. பிள்ளைக் காம்பரா

ஒரு நாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் செல்லம்மாவின் கையிலிருந்து கூடை நழுவியது. வலது கால் இழுத்தது. கூட இருந்த பெண்களுக்குச் சந்தேகமே வரவில்லை. யூரிக் கூடிவிட்டது என்று முடிவு கட்டி, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஒருத்தி விரலுக்கு எண்ணெய் தேய்த்தாள். இன்னொருத்தி யூரிக் குளிசையைத் தேத்தண்ணீரில் கரைத்து ஊட்டப் பார்த்தாள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். அவர்களை என்னால் கோபிக்க முடியவில்லை.

தகவல் கேட்டு வந்த மாணிக்கம் வழக்கம்போல் சீண்டியிருக்கிறார்: "என்னாடி, வேலைக்குக் கள்ளமா?" பதிலுக்குக் கடைவாயில் தேத்தண்ணீர்தான் வழிந்திருக்கிறது. மனிதர் டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தார்.

"அய்யா, அவ என்னைய ஏசலைங்கய்யா!"

நான் போய்ச் சிரிக்கச் சொன்னேன். பாதி முகம்தான் சிரித்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். வலது கை விழுந்தது.

"இது யூரிக் வலி இல்ல, பாரிசவாதம்! வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க!"

கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். வழி முழுக்க மாணிக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிழைப்பாரா என்று எனக்கும் தெரியவில்லை.

நேரத்தோடு போனதால் உயிர் தப்பியது, பேச்சும் மெல்லத் திரும்பியது. வலது கை மட்டும் கொழுந்து பறிக்கிற அளவுக்குத் தேறவில்லை.

3. இடுப்பளவு தேயிலை

வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். பிரஷர் குளிசை அட்டைகள் ஒரு டின்னில் அப்படியே கிடந்தன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! ஏன் போடல? தண்ணியாச்சும் குடிச்சீங்களா?"

அவர் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "அந்தக் குளிசையப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதுங்கய்யா. தண்ணி குடிச்சாலும் அதேதான். மலையில எங்க ஒதுங்குறது? தேயிலை இடுப்பளவுதான். மேல ரோட்டு, கீழ ஆம்பளைங்க செடியக் கவ்வாத்து வெட்டுறாங்க. கொமரியா தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்ச நாள்ல இருந்து, காலையில ஒரு தேத்தண்ணி, அப்புறம் லயத்துக்கு வந்துதான்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மற்றப் பெண்களைக் கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். தோட்டத்து மேலாளரான துரையிடம் போய் நின்றேன். அவர் முதலில் தண்ணீர்த் தாங்கி வைத்துத் தருவதாகச் சொன்னார். தாங்கி வேண்டாம், கக்கூசு கட்டுங்கள் என்றேன். மாதக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தகரம் அடித்து ஒன்று கட்டிக் கொடுத்தார்.

தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது சுலபம். குடித்தால் எங்கே போவீர்கள் என்றும் கேளுங்கள், பிள்ளைகளே. அதுவும் வைத்தியம்தான்.

கட்டி முடிந்த அன்று செல்லம்மா மாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மலைக்கு வந்தார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். இடது கையால் தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு நிறுவைக்கு நின்ற பெண்கள் பக்கம் திரும்பினார்.

"குடிங்கடி" என்றார்.