செட்டு மாத்திரையும் காலி நாற்காலியும்

திருத்தணியில் பாதிப் பேருக்கு மருந்துக்கடைதான் ஆஸ்பத்திரி. "பல்வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால் நாலைந்து மாத்திரையை அட்டையிலிருந்து துண்டாக வெட்டி, கவரில் போட்டுத் தருவார்கள். பேரும் தெரியாது, ஒன்றும் தெரியாது. என்னைப் பெண் பார்க்க வருகிற அன்று காலை நானும் அப்படி ஒரு செட்டு வாங்கி விழுங்கினேன்.

பல்வலி நின்றது. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, கண் இடுங்கி, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பி ஒரே அரிப்பு. "இந்த வரனும் போச்சு" என்று அம்மா அழுதாள். மாப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்தே எனக்குப் பிடித்துப்போயிருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். மாப்பிள்ளை வீட்டார் பள்ளிப்பட்டிலிருந்து வந்து உட்கார்ந்தும் விட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று டீத்தட்டோடு போய் நின்றேன்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சாப்டீங்க?"

"பல்வலிக்கு செட்டு மாத்திரைங்க."

"எந்தக் கடைல?"

"பஸ் ஸ்டாண்டு எதிர்லங்க."

"மூச்சு முட்டுதா?"

"இல்லங்க."

அதற்குள் அவருடைய பெரியப்பா ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் கண்ணை மூடினோம். "கர்த்தாவே, உமது சித்தம் எதுவோ அதை இப்போதே காட்டும்" என்று நீட்டி முழக்கி ஆமென் சொன்னார். கண்ணைத் திறந்தால் மாப்பிள்ளையின் நாற்காலி காலி. வாசலில் பைக்கையும் காணோம்.

பெரியப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கர்த்தர் காட்டிட்டாருங்க" என்று என்னைப் பெற்ற நைனா முணுமுணுத்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வீங்கின கண்ணால் அழுவது எவ்வளவு எரிச்சல் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது பைக் வந்து நின்றது. வேர்க்க விறுவிறுக்க இறங்கியவர் கையில் ஒரு மாத்திரை அட்டையும் ஒரு கவரும்.

"கடைல கேட்டேன், வலிக்குக் குடுத்தது இதானாம். இனிமே இத்தத் தொடாதீங்க. பக்கத்துல டாக்டராண்ட சொல்லி, அரிப்புக்கு வேற வாங்கினு வந்துகீறேன். மூச்சு முட்டுனா உடனே சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அந்த மாத்திரையின் பேர் இன்றைக்கும் எனக்கு வாயில் நுழையாது. எந்த டாக்டரிடம் போனாலும் இவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு அவர் நைனா பக்கம் திரும்பி, "பெரியப்பா ஜெபம் எப்பவும் நீளமா போவும். அதுக்குள்ள வந்துடலாம்னு நெனச்சேன், மாமா" என்றார்.

மாமா என்றதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். பெண் பிடித்திருக்கிறதா என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.