ரேடியம் சோடா

ஐம்பதுகளில் ஓசூர்ச் சந்தைக்குப் போகிற வழியில் என் கணவருக்கு ஒரு கோலி சோடாக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் பாறையை வெடி வைத்துத் தோண்டிய கிணறு. அந்தத் தண்ணீரைத்தான் சோடாவாக அடைத்தார். வீட்டிலும் அதையே குடித்தோம்.

நான் முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். அப்போது பாறைகளைச் சோதிக்கிற சர்க்கார் அதிகாரி ஒருவர் ஒரு பெட்டியோடு வந்தார். கிணற்றடியில் வைத்ததும் அந்தப் பெட்டி சோளம் பொரிகிற மாதிரி படபடத்தது. பாறையில் ரேடியம் இருக்கிறது போலிருக்கிறது, தண்ணீரையும் சோதிக்க வேண்டும் என்று கொஞ்சம் எடுத்துப் போனார்.

என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. இருட்டில் மின்னுகிற கைக்கடிகார முள்ளில் இருப்பது அவருடைய கிணற்றிலேயே இருக்கிறதாம்! மறுநாளே ‘ரேடியம் சோடா, உடம்புக்குத் தெம்பு’ என்று பலகை எழுதி மாட்டிவிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றிலும் கூவி விற்றார். சனம் மொய்த்தது. எனக்கும் தினம் ஒரு சோடா உடைத்துக் கொடுத்து, பிள்ளை தங்கமாகப் பிறக்கும் பார் என்பார்.

சில வாரம் கழித்து அதிகாரி சோதனை முடிவோடு திரும்பி வந்தார். பலகையைப் படித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“தண்ணியிலயும் ரேடியம் இருக்கு. ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா இது எலும்புல போய்த் தங்கும். வருசக்கணக்கா குடிச்சா புத்துநோய் வரலாம். புள்ளத்தாச்சி, நீங்க இதத் தொடவே வேணாம்.”

குடித்ததையெல்லாம் இனி வெளியே எடுக்க முடியுமா? குழந்தை அசையாத நேரமெல்லாம் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பயந்து செத்தேன்.

அன்று மாலையிலிருந்து என் கணவர் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆனால் அடுத்த சந்தையன்று கடைக்குப் போனால் பலகை அப்படியே தொங்குகிறது, சோடாவும் அதே பாறைத் தண்ணீரில்தான் தயாராகிறது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கேட்டதற்கு, வாரத்துக்கு ஒரு சோடா குடித்தால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று மழுப்பினார்.

அந்த நேரம் பார்த்து, என்னைவிடப் பெரிய வயிற்றோடு ஒருத்தி வந்து நின்றாள். பக்கத்துத் தெருக்காரி. நெஞ்செரிச்சலுக்கு என்று தினமும் வாங்குகிறவள். அவர் கோலியை அமுக்கிச் சோடாவை உடைத்தார். நான் அதைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“மொதல்ல நீங்க குடிங்க.”

வாங்கினார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். பாட்டிலை மெதுவாகக் கடை மேசைமேல் வைத்துவிட்டார்.

அவள் அவரையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். நிறைமாத வயிற்றின்மேல் அவள் கை தானாகப் போயிற்று.

“ஏக்கா, இத்தன நாளா நானும் எம்புள்ளையும் இதத்தானே குடிச்சோம்?”

அவரை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டாள்.