காயல் தீவில் என் கணவரைத் தேடிய நாள்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அதனால்தான் உங்கள் முன் நிற்கிறேன். என் பெயர் எஸ்தர். உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். என் கணவர் செல்லத்துரை அதே எஸ்டேட்டின் ஃபாக்டரியில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற மறு வருடமே மறதி நோய் வந்துவிட்டது. முதலில் வழியை மறந்தார். பிறகு பிள்ளைகளை. கடைசியில் என்னையும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். கதவைப் பூட்டிவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்கவே போவேன். ஆலயத்துக்குப் போவதும் நின்றுபோயிற்று. ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வரும்.

கடந்த ஜனவரியில் நம் சபையார் கோட்டயம் பக்கம் காயலில் இருக்கும் ஒரு சின்னத் தீவுக்கு ஒரு நாள் பயணம் புறப்பட்டார்கள். நான் வரவில்லை என்றேன். பக்கத்து வீட்டு கிரேஸ் அக்கா விடவில்லை.

"அண்ணனையும் கூட்டிட்டு வா எஸ்தரு. நாங்க இத்தன பேரு இருக்கோம்ல."

பஸ்ஸிலிருந்து இறங்கி, படகில் ஏறிப் போனோம். வண்டிச் சத்தமே இல்லாத தீவு அது. சில வீடுகள், தென்னந்தோப்பு, இடையிடையே வாய்க்கால்கள். என் கணவர் தண்ணீரைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கும் நெஞ்சு லேசாக இருந்தது.

மதியம் சாப்பிடும்போதுதான் அது நடந்தது. இலையை விரித்துவிட்டு நிமிர்ந்தேன். அவரைக் காணோம்.

சபையார் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். தீவுக்காரர்களும் வந்து தேடினார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். வெயில் சாயும் நேரத்தில், படகுத் துறைக்குப் பக்கத்து வாய்க்கால் ஓரம் ஒரு செருப்பு கிடைத்தது. அவருடைய இடது கால் செருப்பு. தீவுக்காரர் ஒருவர் படகு தள்ளும் கழுக்கோலை எடுத்துத் தண்ணீருக்குள் குத்திக் குத்திப் பார்த்தார். செருப்பை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பேடிக்கண்ட சேச்சி" என்றார் அவர். பயப்படாதே அக்கா என்கிறார். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சேற்றிலேயே முழங்காலிட்டேன். "ஆண்டவரே, நான் கூப்பிட்டா அவருக்குத் தெரியாது. நீரே கூப்பிடும்" என்றேன். வேறு எதுவும் வரவில்லை.

அப்போது கடைசிப் படகு வந்துகொண்டிருந்தது. கரையில் கூட்டத்தையும் அழுகையையும் பார்த்த படகோட்டி என்னவோ ஏதோ என்று நீளமாக ஹார்ன் அடித்தார். நிறுத்தி, மறுபடியும் அடித்தார்.

தென்னந்தோப்புக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் வேக வேகமாக வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. வேட்டியெல்லாம் சேறு. என் கணவர்தான்!

ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். கையை உதறிவிட்டு நடந்தார்.

"விடுங்கம்மா. சங்கு ஊதிட்டான்ல. பிந்திப் போனா பேரு போட மாட்டாவ."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஃபாக்டரியில் வேலைக்குக் கூப்பிட ஊதும் சங்கு கிட்டத்தட்ட இதே சத்தம்தான். பிந்தினால் அன்றைய கூலிக்குப் பேர் பதிய மாட்டார்கள்; அதைக் கேட்டு ஓடியே அவருக்கு முப்பது வருடப் பழக்கம். படகில் ஏறியதும் படகோட்டியிடம் நன்றி சொன்னேன். இந்தத் துறையில் ஹார்ன் அடிக்கும் வழக்கமே இல்லை என்றார் அவர்.

என் கணவரின் மறதி குணமாகவில்லை. அதற்கும் ஜெபிக்கிறேன். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் கதவைப் பூட்டுவதில்லை. கிரேஸ் அக்காவும் சபைப் பெண்களும் முறை வைத்து அவரோடு உட்காருகிறார்கள். ஞாயிறுதோறும் அவரைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்கு வருகிறேன். பாட்டு தொடங்கினால் கை தட்டுகிறார். ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

உங்களில் யாராவது என்னைப் போலத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தால், இன்றைக்கே ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். ஜெபிக்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். உடைந்து போன பேச்சும் அவருக்குப் புரியும். அவருக்கே ஸ்தோத்திரம்.