கப்பல் தேதிப் பக்கம்

என் கணவருக்குத் தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பே என்ற ஊரில் வேலை. நான் தலைநகரத் தீவில், பத்துபஸ்தியில் இருக்கிறேன். அவர் வந்துபோகும் கப்பலின் தேதியோ இன்று ஒன்று சொல்லும், நாளை ஒன்று சொல்லும். அதனால் எதிர்வீட்டு அண்ணன் இணையத்தில் நடத்திய கப்பல் தேதிப் பக்கத்தை என் கம்ப்யூட்டரில் நாள் முழுக்கத் திறந்தே வைத்திருப்பேன். காசு வாங்காமல் சேவை செய்கிறார் என்று தெருவெல்லாம் புகழ்ந்து திரிந்தவளும் நான்தான்.

கொஞ்ச நாளில் கம்ப்யூட்டருக்கு மூச்சிரைக்க ஆரம்பித்தது. உள்ளே விசிறி கத்தும், திரை அப்படியே நிற்கும், பிரவுசர் தானாக மூடிக்கொள்ளும். அந்த அண்ணனே மூன்று முறை வந்து பார்த்தார், தூசி தட்டினார். நான் சுட்டுப் போட்ட தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே, “சிஸ்டம் புரானா ஆயிடுச்சு தங்கச்சி, வயசாயிடுச்சு. மெயின்லேண்ட் போறப்ப நயா ஒண்ணு வாங்கிடுங்க,” என்றார். நானும் நம்பி, வாயில்லாத கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் வந்தது. வயது வரம்புப்படி எனக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. மாலை ஐந்து மணிவரை நேரம் இருந்தது. எல்லாம் நிரப்பிப் போட்டோவை ஏற்றும்போது திரை நின்றுவிட்டது. அணைத்து, மறுபடி போட்டு, உள்ளே நுழைவதற்குள் ஐந்து தாண்டிவிட்டது. வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் ஜங்லிகாட் பகுதியில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் கப்பல் பக்கத்தைத் திறந்தார், விசிறி கத்தியது. மூடினார், அடங்கியது.

“மிஷின் டீக் இருக்கு மேடம். இந்தப் பேஜ்லதான் கட்பட்.”

மிஷினில் குறையில்லை, கோளாறு அந்தப் பக்கத்தில்தான், அதற்குள் ஒரு புரோகிராமை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். பக்கம் திறந்திருக்கும்வரை, அதை நடத்துபவர் டிஜிட்டல் காசு சம்பாதிப்பதற்காக நம் கம்ப்யூட்டர் ஓயாமல் கணக்குப் போடுமாம். இருக்கிற சக்தியெல்லாம் அதற்கே போனபின் வேறெந்த வேலையும் நகராதாம். உண்ட வீட்டுக்கு இரண்டகம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். ஹாலில் அவருடைய மகள் லேப்டாப்பில் படித்துக்கொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில் அதே கப்பல் பக்கம், ஆனால் சத்தமே இல்லை. நான் கேட்டதும் அவர் மறுக்கக்கூட இல்லை.

“எல்லார்கிட்டயும் தோடா தோடா, கொஞ்சம் கொஞ்சம்தானே எடுக்கறேன் தங்கச்சி, யாருக்கு என்ன நஷ்டம்?”

“அப்ப இந்த லேப்டாப் மட்டும் ஏண்ணா கத்தல?”

“அதுல மட்டும் பிளாக் பண்ணி வச்சிருக்கேன். அவளுக்குப் பரீட்சை வருதுல்ல?”

“எனக்கும் வந்துச்சு,” என்றேன்.

மகள் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.