ஒரே மாத்திரை, வேறு ரத்தம்

இடது கெண்டைக்காலில் பிடிப்பு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ஷட்டில் ஆடியதால் வந்த தசைப்பிடிப்பு என்று நானே முடிவுசெய்து, நானே தைலம் தேய்த்து, மறுநாளும் ஆடப் போனேன். சில நாட்களில் இடது கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது.

“ஆடிக்கினே இருந்தா கால் வீங்காம என்ன பண்ணும்?” என்றார் அம்மா.

உங்களுக்கு ஒரு கால் மட்டும் இப்படி வீங்கினால், தயவுசெய்து தைலத்தைத் தேடாதீர்கள்.

குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு நின்றுபோனதுபோல் உட்கார்ந்துவிட்டேன். நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த அண்ணன், யூனிபார்மோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஸ்கேனில் தெரிந்தது ஆழ்சிரை உறைவு (காலின் உள்ளே ஓடும் சிரையில் ரத்தம் கட்டிக்கொள்வது). அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது.

ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று அம்மா முந்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் எங்கள் பிளாக்கில் குடியிருப்பவர். நான் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, “கருத்தடை மாத்திரை டாக்டர்” என்றேன். சினைப்பை நீர்க்கட்டிக்காக (மாதவிடாய் தவறிப்போகும் ஹார்மோன் கோளாறு) கடலூரில் ஒரு பெண் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. அம்மா சுவரைப் பார்த்தார்.

கட்டிலின் கால்மாட்டில் செல்வி அண்ணி நின்றிருந்தாள். அண்ணன் மனைவி, என் வயதுதான். குழந்தையைத் தள்ளிப்போட அவளும் அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டாள். என் மாத்திரை அட்டையையும் கடையில் அவள்தான் சேர்த்து வாங்கிவருவாள். கழுத்தில் தாலியோடு கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். அவள் கல்யாணமாகி வந்ததும் என் அறை அவளுக்குப் போனது, அண்ணனும் அவள் பக்கம் போனான். இப்போது அவள் இரண்டு நல்ல கால்களில் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று அடுத்த கேள்வி. அம்மா வாயைத் திறக்குமுன் அப்பா பேசினார். “எங்க அக்காவுக்கு, சார். பிரசவம் ஆன கையோட கால் வீங்குச்சு. அப்புறம் மூச்சு முட்டி, போய்ச் சேந்துட்டா.”

அத்தை ஜுரத்தில் இறந்ததாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் விளக்கினார். அந்த மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் (பெண்மைக்கான ஹார்மோன்) ரத்தம் உறைவதைக் கொஞ்சம் கூட்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பரம்பரையாகவே உறையும் போக்கு உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. தான் நிறுத்த வேண்டுமா என்று அண்ணி கேட்டாள். அவளைப் பரிசோதித்துவிட்டு, தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். என்னை அழவைத்தது ஊசியல்ல, அந்தத் ‘தாராளமாக’.

வயிற்றில் ஊசி, பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. பல் துலக்கினாலே ரத்தம். படுத்தபடி போனில் தேடியதில், வெளிநாடுகளில் இதுபோன்ற மாத்திரைகளால் கால், நுரையீரல், மூளை பாதிக்கப்பட்ட பெண்கள் கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டதைப் படித்தேன். எச்சரிக்கை போதவில்லை என்பது அவர்கள் வாதம். சிலருக்கு இழப்பீடும் கிடைத்திருந்தது. படங்களில் என் வயதுப் பெண்கள். அவர்களைப் பார்த்தும் வயிறு எரிந்தது. கோபத்தைக் காட்ட அவர்களுக்கு ஒரு விலாசம் இருந்தது.

நடக்க ஆரம்பித்ததும் விருத்தாசலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். கடையில் வெறும் அட்டையைத்தான் வெட்டிக் கொடுத்தார்கள், எச்சரிக்கைத் தாளை நான் கண்ணாலும் பார்த்ததில்லை என்று படபடவென்று சொல்லிமுடித்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“எழுதிக் குடுத்த டாக்டர், குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டாங்களாம்மா?”

“கேட்டாங்க சார்.”

“என்ன சொன்னீங்க?”

அன்று கடலூரில் அதற்குப் பதில் சொன்னது நான் இல்லை. கூட வந்திருந்த அம்மா சொன்னார்: “எங்க வூட்ல யாருக்கும் எந்தச் சீக்கும் கிடையாதுங்க.” பெண் பார்க்க வருகிறவர்களுக்காகத் தயாராக வைத்திருந்த பதில். டாக்டரிடமும் அதுவே வந்துவிட்டது.

அதைச் சொன்னதும் வக்கீல் பேனாவை மூடினார். “அப்ப கேஸ யார் மேலம்மா போடுறது?”

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாமேல் கோபப்பட்டுப் பார்த்தேன். காடாம்புலியூர் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், என் கல்யாணம் கெட்டுவிடக்கூடாது என்று சொன்ன பொய். கோபம் முழுதாக வரவில்லை, போகவுமில்லை.

இப்போதும் சாயங்காலம் ஆனால் இடது கால் கனக்கும். வீக்கம் ஏறாமலிருக்க இறுக்கமான அழுத்தக் காலுறை போடுகிறேன். சென்னைக்கு பஸ்ஸில் போனால், நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நடக்கிறேன். உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் காலே சொல்லிவிடுகிறது. முன்பெல்லாம் எனக்குக் கால் இருப்பதே தெரியாது.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போன மாதம் என் மடியில் போட்டுவிட்டு, “நீட்டுக் காலப் பாரு, அப்படியே உங்க வம்சம்” என்று சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. எங்கள் ரத்தம் அவளுக்கு இல்லை, அவள் மகளுக்கு இருக்கலாம்.

“நாளைக்கு எந்த டாக்டர் கேட்டாலும் நீதான் வந்து சொல்லணும் ரேவதி. உங்க அம்மாவ நம்ப முடியாது.”

பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. “அவளையே கூட்டிக்கினு போ,” என்றார்.

குழந்தையின் கெண்டைக்காலை விரலால் அளந்து பார்த்தேன். அவள்மேலும் பொறாமையாகத்தான் இருந்தது. அவளுக்குச் சொல்ல ஓர் அத்தை உயிரோடு இருக்கிறாள்.